செப்புத் தகட்டில் ஒரு பஞ்சம்

போர்க்கள ஓவியம் என்றவுடனே நம் மனக்கண்முன் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். நடுவிலே வெண்புரவியின் மீது தளபதி வீற்றிருப்பார். அவர் நீட்டிய வாளின் முனை காட்டும் திசையில் படை பாய்ந்து செல்லும். வானத்திலே புகைமண்டலம், அதனூடே கொடி. மாண்டவர்களும் இருப்பார்கள், ஆனால் படத்தின் கீழ்மூலையில், தளபதியின் பெருமைக்கு அளவுகோலாகக் கிடப்பார்கள். ஐரோப்பிய அரண்மனைச் சுவர்களை நூற்றாண்டுக் கணக்கில் அணிசெய்தவை இத்தகைய ஓவியங்களே. அந்த மூலையிற் கிடந்தவனை எடுத்து நடுவிலே கிடத்தி, தளபதியைப் படத்தை விட்டே வெளியேற்றியவர் ஒருவர் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா அவர். 1810-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவர் செப்புத் தகடுகளில் வரைந்த 80-க்கு மேற்பட்ட படங்களைப் பற்றிச் சிறிது பேசலாம் என எண்ணுகிறேன். 'போரின் பேரழிவுகள்' என்பது அந்த வரிசைக்கு இன்று வழங்கும் பெயர்.

கோயா 1746-இல் அரகான் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மரவேலைகளுக்குப் பொன்முலாம் பூசும் தொழிலாளி. மகனோ படிப்படியாக உயர்ந்து, 1799-இல் ஸ்பெயின் மன்னரின் முதல் அரசவை ஓவியர் ஆனார். இதற்கிடையில் 1792-இன் இறுதியில் வந்த ஒரு கடுநோய் அவருடைய செவிப்புலனை முற்றும் பறித்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 46. எனவே, பின்னர் தம் நாட்டில் மூண்ட போரை அவர் கண்களால் மட்டுமே அறிந்தார். பீரங்கி அவருக்கு வெறும் புகை. அலறல் அவருக்குத் திறந்த வாய். அவருடைய படங்களில் இத்தனை வாய்கள் திறந்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

போர் மூண்டது 1808-இல். நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் குடும்பத்தை அகற்றிவிட்டுத் தம் அண்ணன் ஜோசப்பை அரியணையில் அமர்த்தினார். மே 2-ஆம் நாள் மாட்ரிட் நகர மக்கள் கையில் கிடைத்த கத்தியும் கோலும் கொண்டு பிரெஞ்சுப் படையை எதிர்த்தனர். மறுநாள் விடியுமுன்னரே பிடிபட்டோரைச் சுட்டுத் தள்ளினர். அன்று தொடங்கியது 1814 வரை ஓயவில்லை. 'கெரில்லா' என்ற சொல்லை உலகம் கற்றுக்கொண்டது இந்தப் போரில்தான். ஸ்பானிய மொழியில் அதற்குச் 'சிறுபோர்' என்பது பொருள். பெரும்போரைக் காட்டிலும் கொடிய சிறுபோர் அது. ஒரு பக்கம் தூக்கிலிட்டால் மறுபக்கம் கோடரியால் வெட்டும். உழவனும் பாதிரியாரும் பெண்டிரும் போர்வீரர் ஆயினர். ஆகவே அவர்களைக் கொல்வதும் போர்த்தொழில் ஆயிற்று.

அந்த ஆண்டு அக்டோபரில் தளபதி பலபாக்ஸ் அழைத்ததன் பேரில் கோயா சரகோசா நகருக்குச் சென்றார். முற்றுகையில் இடிந்த நகரையும், அதைக் காத்தவர்களின் வீரத்தையும் ஓவியமாக்க வேண்டும் என்பது அழைப்பின் நோக்கம். வீரத்தை வரைய அழைக்கப்பட்டவர் திரும்பி வந்து அழிவை வரைந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கோயா மறைந்திருந்து போராடிய வீரர் அல்லர். ஜோசப் மன்னரின் ஆட்சியிலும் அவர் பதவியில் இருந்தார். அவரிடம் விருதும் பெற்றார். 1812 ஆகஸ்டில் வெலிங்டன் பிரபு மாட்ரிடுக்குள் நுழைந்தவுடன் அவருடைய உருவத்தையும் தீட்டினார். 1814-இல் பழைய அரச குடும்பத்து பெர்டினான்டு திரும்பி வந்தபோது அவருக்கும் தீட்டினார். வயிற்றுக்கும் உயிருக்கும் அஞ்சி வாழ்ந்த எத்தனையோ பேரில் அவரும் ஒருவர். வந்தவர் போனவர் எல்லார்க்கும் வண்ணத்தில் உருவம் எழுதிக்கொடுத்த அதே கை, எவர் கண்ணிலும் படாத அறையில் செம்பைக் கீறிக்கொண்டிருந்தது.

செம்பைக் கீறும் அந்தக் கலை எத்தகையது என்பதைச் சற்றுத் தெரிந்துகொண்டால் படங்கள் விளங்கும். வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த கலவையை மெல்லியதாகப் பூசுவர். அதைப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவர். பிறகு கூரிய ஊசியினால் அந்தப் பூச்சின்மேல் வரைவர். ஊசி போன இடமெல்லாம் செம்பு வெளியே தெரியும். தகட்டைத் திராவகத்தில் இட்டால், திறந்த இடத்தை மட்டும் அது அரிக்கும். நேரம் கூடக்கூடப் பள்ளமும் ஆழமாகும். பூச்சை நீக்கிவிட்டு, பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, நனைந்த தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் ஏறும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறி ஏறும். கோடு மட்டும் போதாமல் இருள் வேண்டுமானால் குங்கிலியப் பொடி போன்ற பிசின்தூளைத் தூவிச் சூடேற்றுவர். தூளுக்கிடையில் திராவகம் புகுந்து அரிக்க, சாம்பல் நிறமும் கருநிறமும் கிட்டும். இந்த முறையில் கோயாவை மிஞ்சியவர் அக்காலத்தில் இல்லை. வண்ணம் கிடையாது, பெரிய பரப்பும் கிடையாது. இந்த வரிசையின் தகடுகள் பலவும் நீளத்தில் ஒரு சாணுக்கு மேல் இரா.

போர்க்காலமாதலால் செம்பும் எளிதில் கிடைக்கவில்லை. முன்பு தாமே இயற்கைக் காட்சி வரைந்திருந்த இரண்டு பெரிய தகடுகளை இரண்டிரண்டாக வெட்டி, அவற்றின் பின்புறங்களில் நான்கு படங்களைக் கோயா வரைந்தார். முன்பக்கம் மரமும் நீரும்; பின்பக்கம் கம்பத்தில் கட்டிச் சுடப்படும் மனிதன்.

அழிவைத் தகட்டில் வரைந்தவர் அவருக்கு முன்னரும் இருந்தனர். பிரான்சு நாட்டு ஜாக் கல்லோ 1633-இல் போரின் துன்பங்களை 18 சிறு படங்களாக வெளியிட்டார். புகழ் பெற்ற வரிசை அது. ஒரு பெருமரத்தில் பழங்களைப்போல மனிதர்கள் தொங்கும் படம் அதில் உண்டு. ஆனால் கல்லோ எட்ட நின்று பார்க்கிறார். ஊர் தெரியும், வயல் தெரியும், கூட்டம் எறும்பு வரிசைபோலத் தெரியும்; முகம் தெரியாது. கோயா அருகில் போனார். பின்னணியைத் துடைத்து எறிந்தார். மூன்று பேர், நான்கு பேர், ஒரு மண்மேடு, மேலே வெறும் வானம். அவ்வளவே.

வரிசையில் 26-ஆம் படத்தைப் பாருங்கள். ஒரு குகைபோன்ற இருளில் ஆண்களும் பெண்களும் மண்டியிட்டுக் கிடக்கின்றனர். ஒருவர் கைகூப்புகிறார், ஒருத்தி முகத்தை மூடிக்கொள்கிறாள். கொலைஞர்களைக் காணோம். வலப்பக்க ஓரத்தில் துப்பாக்கிகளின் ஈட்டிமுனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. 'இதைப் பார்க்க முடியாது' என்று கீழே எழுதுகிறார் கோயா. சுடுபவன் பிரெஞ்சுக்காரனா, அவன் முகம் எப்படி, அவன் சினந்தானா அஞ்சினானா என்ற எந்தக் கேள்விக்கும் அங்கே இடமில்லை. சாகப்போகிறவர்களின் முகத்தை விட்டு நம் கண் வேறெங்கும் தப்பிப் போக இயலாதபடி செய்துவிட்டார்.

தம் நாட்டார் என்பதற்காக அவர் எவரையும் விட்டுவிடவுமில்லை. இரண்டாம் படத்தில் பிரெஞ்சு வீரர் ஸ்பானியரைக் கொல்கின்றனர். 'நியாயத்துடனோ, அது இல்லாமலோ' என்பது அதன் தலைப்பு. மூன்றாம் படத்தில் ஸ்பானியன் கோடரியை ஓங்கிப் பிரெஞ்சு வீரனை வெட்டுகிறான். தலைப்பு: 'அதேதான்.' இந்த ஒரு சொல்லை அன்றைய ஸ்பெயினில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் தகடுகள் ஏன் பெட்டிக்குள் கிடந்தன என்பது புரியும்.

இனி, என் பேச்சின் தலைப்புக்கு வருகிறேன். போர் பற்றிய இந்த வரிசையில் 48 முதல் 64 வரை உள்ள 17 படங்களில் போரே இல்லை. பசிதான் இருக்கிறது. 1811-இல் விளைச்சல் பொய்த்தது. இருந்த தானியத்தையும் படைகள் பறித்துக்கொண்டன. சிறுபோர்ப் படையினர் சாலைகளை மறித்ததால் வெளியூர்த் தானியமும் தலைநகருக்கு வந்து சேரவில்லை. 1811 இலையுதிர் காலம் முதல் 1812 ஆகஸ்ட் வரை மாட்ரிடில் பஞ்சம். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடுவர். கோயா அந்த நகரிலேயே இருந்தார். அவருடைய மனைவி ஜோசபா காலமானதும் 1812 ஜூனில்தான்.

துப்பாக்கியால் சாகிறவன் ஒரு நொடியில் சாகிறான். ஓவியன் அந்த நொடியைப் பிடித்தால் போதும். பசியால் சாவது அப்படியன்று. அங்கே நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருப்பவன் சாய்கிறான், சாய்ந்தவன் எழுவதில்லை. இதை எப்படி வரைவது? கோயா இரண்டு வழிகளைக் கண்டார் என்று நினைக்கிறேன். ஒன்று, உதவியின் சிறுமையை வரைவது. மற்றொன்று, உதவாதவரை வரைவது.

59-ஆம் படத்தில் ஒரு பெண் முழந்தாளிட்டு, கீழே கிடக்கும் ஒருத்தியின் வாயருகே கிண்ணத்தை நீட்டுகிறாள். 'ஒரு கிண்ணத்தால் என்ன பயன்?' என்பது தலைப்பு. கருணையை ஏளனம் செய்கிறாரா என்று முதலில் ஐயம் எழும். அப்படியன்று. கொடுப்பவளின் உடலைப் பாருங்கள், அவளும் பட்டினிக்காரிதான். அந்தக் கேள்வி அவளை நோக்கிக் கேட்கப்பட்டது அன்று. ஒரு கிண்ணத்தோடு நகரத்தை விட்டுவிட்ட மற்றவர்களை நோக்கிக் கேட்கப்பட்டது. அந்த மற்றவர்களும் 61-ஆம் படத்தில் வந்துவிடுகிறார்கள். எலும்பும் தோலுமாய் ஒரு கூட்டம் தரையில் ஒடுங்கியிருக்க, நன்கு உடுத்திய சிலர் அருகே நிற்கின்றனர். அவர்கள் கொடியவர்களாகக் காட்டப்படவில்லை. சிரிக்கவில்லை, விரட்டவில்லை. சும்மா நிற்கிறார்கள். 'அவர்கள் வேறு குலத்தவரோ' என்று கீழே எழுதியிருக்கிறது. யார் யாரை வேறு குலம் என்கிறார்கள் என்பதைக் கோயா சொல்லவில்லை. சாதி என்றும் குலம் என்றும் சொற்களைப் புழங்கிப் பழகிய நமக்கு அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

வேற்று மாநிலங்களில், அதிலும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பீகார், வங்காளம் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழன்பர்களுக்கு இந்த வரிசையின் 51-ஆம் படம் எதிர்பாராத வகையில் நெருக்கமானது. 'அல்மோர்த்தாவுக்கு நன்றி' என்பது அதன் பெயர். போர்வை போர்த்துக் குந்தியிருக்கும் சிலர் கூழ் வாங்கி உண்கின்றனர். முன்னே ஒரு பெண் தரையில் கிடக்கிறாள். அல்மோர்த்தா என்பது என்ன? ஒரு பருப்பு. அதை அரைத்த மாவில் கிண்டிய கூழ்தான் அந்தப் பஞ்சத்தில் மாட்ரிட் ஏழைகளை உயிரோடு வைத்தது. அது வேறொன்றும் அன்று. நீங்கள் வாழும் ஊர்க் கடைத்தெருவில் கேசரி தால் என்றும், தியோரா என்றும் வழங்கும் அதே பருப்புதான். துவரம் பருப்பில் கலப்படம் செய்வதாகச் செய்தித்தாள்களில் அடிபடும் பருப்பும் இதுவே.

மழை பொய்த்தாலும் இந்தச் செடி பொய்ப்பதில்லை. அதுவே அதன் சிறப்பும் கேடும். பிற உணவோடு சிறிதளவு உண்டால் பெருந்தீங்கு இல்லை. வேறு உணவே இன்றி மாதக்கணக்கில் இதையே உண்டால், இதிலுள்ள ஒரு நச்சுப்பொருள் நரம்புகளைத் தாக்கும். கால்கள் விறைத்து மடங்கும், பின்னர் நிமிர்வதில்லை. நம் நாட்டில் சாகர் வட்டாரத்தில் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பயிர் அழிந்தபோது உழவர்கள் இதை உண்டு கால் முடங்கியதை, அங்கே அதிகாரியாக இருந்த ஸ்லீமன் 1844-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். 1961-இல் நம் நாட்டின் பல மாநிலங்களில் இப்பருப்பின் விற்பனை தடை செய்யப்பட்டது. ஸ்லீமனுக்கும் முன்பே கோயாவின் படத்தில் அந்தப் பெண் கால் முடங்கிக் கிடக்கிறாள் என்று மருத்துவ அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர். அவ்வாறாயின், 'நன்றி' என்ற அந்தச் சொல்லை நாம் எந்தக் குரலில் படிப்பது? பருப்பு உயிரைக் காத்தது உண்மை. காலை வாங்கிக்கொண்டதும் உண்மை. ஓவியர் இரண்டில் எதையும் மறுக்கவில்லை.

இந்த 17 படங்களிலும் என் உள்ளத்தை விட்டு நீங்காதது 50-ஆவது. மூன்று ஆடவர் மாண்டுபோன ஒரு தாயைத் தூக்கிச் செல்கின்றனர். அவர்களுக்குச் சற்றுப் பின்னே ஒரு சிறுமி, இரு கைகளாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடக்கிறாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவே தரை வெறுமையாகக் கிடக்கிறது. ஓவியர் அந்த இடத்தில் எதையும் வரையவில்லை. திராவகம் தொடாத வெறும் தாள் அது. 20,000 என்ற எண்ணை நாம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்த வெற்றிடத்தைக் கடந்து போக எளிதில் இயலாது. அதன்பின் வரும் படங்களில் சவங்களைப் போர்த்தி அடுக்கியிருப்பதும், இளம்பெண் ஒருத்தியின் உடலை வண்டியில் ஏற்றுவதும் காண்கிறோம். வண்டி புறப்படுவதோடு பஞ்சப் படங்கள் முடிகின்றன.

கடைசிப் பகுதி, திரும்பி வந்த மன்னரின் கொடுங்கோலையும் மதவாதிகளையும் விலங்குருவங்களால் சாடும் உருவகப் படங்கள். அறிஞர்கள் அவற்றைப் பெரிதும் ஆராய்கின்றனர். எனக்கு அவை விடுகதைகளாகவே தோன்றுகின்றன. அவிழ்க்க அவிழ்க்க அறிவு மகிழ்கிறது. அந்தச் சிறுமியின் படம் செய்வதை அவை செய்வதில்லை. அவற்றுள் 79-ஆவது மட்டும் விலக்கு. உண்மை என்னும் இளநங்கை இறந்து கிடக்க, அவளைப் புதைக்க விரைகின்றனர். 80-ஆம் படத்தில், 'அவள் மீண்டும் எழுவாளோ?' என்ற கேள்வி.

கோயா இவற்றை வெளியிடவில்லை. சில படிகளை மட்டும் அச்சிட்டுப் பார்த்தார். முழு வரிசை ஒன்றை நண்பர் சியான் பெர்முடஸிடம் கொடுத்தார். அந்தத் தொகுப்பு இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1824-இல் கோயா நாட்டை விட்டு நீங்கிப் பிரான்சு சென்றார். 1828-இல் போர்தோ நகரில் மறைந்தார். தகடுகள் மகனிடம் பெட்டியில் கிடந்தன. 1863-இல்தான், அதாவது அவர் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பின், மாட்ரிடின் சான் பெர்னான்டோ அரசு கலைக்கழகம் 80 படங்களை 500 படிகள் அச்சிட்டு வெளியிட்டது. 'போரின் பேரழிவுகள்' என்ற பெயரும் கழகம் இட்டதே. அச்சிட்டவர்கள் மேற்பரப்பில் சிறிது மையைத் தங்கவிட்டு, எங்கும் ஒரு மெல்லிய சாம்பல்நிறம் படரும்படி செய்துவிட்டனர். பார்ப்பதற்கு அது இனிமை தரும் என்பது அக்காலத்து எண்ணம். கோயா தாமே எடுத்த படிகளிலோ தாள் வெள்ளை வெளேரென்று இருக்கும்; கோடு அதன்மேல் கறுத்துத் தனித்து நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், துயரத்தின்மீது எவ்வளவு சிறிய திரையைப் போட்டாலும் அது எவ்வளவு மறைத்துவிடுகிறது என்பது தெரியும்.

கொல்கத்தாவிலுள்ள அன்பர்கள் இதைக் கேட்கும்போது 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தையும், அதை வரைந்த ஜைனுல் ஆபிதீன், சித்தபிரசாத் ஆகியோரையும் நினைத்திருப்பார்கள். அவர்கள் செம்பையும் திராவகத்தையும் நாடவில்லை. தூரிகையும் கறுப்பு மையும் அவர்களுக்குப் போதுமாயின. சித்தபிரசாத் மிதுனபுரி மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று வரைந்து வெளியிட்ட சிறுநூலை ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. கோயா அஞ்சித் தம் பெட்டியில் பூட்டினார். சித்தபிரசாத் அஞ்சாது வெளியிட, அரசு நெருப்பில் இட்டது.

கோயாவின் தகடுகள் இன்றும் மாட்ரிடில், அதே கலைக்கழகத்தின் செப்புத்தகட்டுக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. மூலத்தகடுகளிலிருந்து இறுதியாக, ஏழாம் பதிப்பு, 1937-இல் எடுக்கப்பட்டது. அது ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் நடுக்காலம். மாட்ரிட் மீண்டும் முற்றுகைக்குள் இருந்தது. வானிலிருந்து குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. கடைகளின் முன்னே மக்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றனர். அந்த நாட்களில்தான் பழைய தகடுகளை வெளியே எடுத்து, மை தடவித் துடைத்து, மீண்டும் ஒருமுறை தாளை வைத்து அழுத்தினர்.